வேலை ஒன்றும் இல்லாமல் ரயில் ஏறுங்கள்

சேத்தியாத்தோப்பு சுற்றுவட்டாரத்து மகளிர் குழுக்களில் இருக்கும் அக்காமார்களுக்கும், அண்ணிமார்களுக்கும், என்னை அத்தை என்று கூப்பிடுகிற பெண்களுக்கும்,

இந்தத் தை மாதமும் நம்ம குழு வேன் சென்னைக்கு வந்துவிட்டுப் போனதாகக் கேள்விப்பட்டேன். மேல்மருவத்தூரில் இருமுடி செலுத்திவிட்டு, மாங்காடு, திருவேற்காடு, வடபழனி என்று வரிசையாகக் கும்பிட்டு, கோயம்பேட்டில் பூவும் பழமும் வாங்கிக்கொண்டு, ராத்திரியோடு ராத்திரியாக நம்ம ஊர்க் குறுக்கு ரோட்டில் வந்து இறங்கியிருக்கிறீர்கள். வடபழனியில் வேன் நின்றபோது தலைக்கு மேலே ஒரு ரயில் போனதாம். எல்லோரும் அண்ணாந்து பார்த்தீர்களாம். கூட வந்த சின்னப் பெண் ஒருத்தி, "ஏறிப் பார்க்கலாமா?" என்று கேட்டிருக்கிறாள். "அதுல ஏறி நாம எங்க போகப்போறோம்? நமக்கு அதுல என்ன வேலை?" என்று ஓர் அக்கா சொன்னாராம். அதோடு பேச்சு முடிந்தது, வேனும் கிளம்பிவிட்டது.

அந்தக் கேள்விக்குப் பதில் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அக்கா, நமக்கு அதில் ஒரு வேலையும் இல்லை. வேலை இல்லாதபோது ஏறுவதற்குத்தான் உங்களைக் கூப்பிடுகிறேன்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நாம் ஊரைத் தாண்டிப் போவதெல்லாம் எதற்கு? வளைகாப்புக்கு, கருமாதிக்கு, சீர் வைக்க, ஜிப்மர் ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்க, பாங்கில் குழுக் கடனுக்குக் கையெழுத்துப் போட. கோயிலுக்குப் போவதிலும் ஒரு வேண்டுதல் பாக்கி இருக்கும். 2021 மே மாதம் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்று வந்ததே, அப்போது நமக்கு முதலில் தோன்றியது எந்தக் காரியத்தை அந்த பஸ்ஸில் முடித்துக்கொள்ளலாம் என்பதுதான். புவனகிரி வரைக்கும் சும்மா போய்விட்டு வரலாம் என்று நம்மில் ஒருத்திக்காவது தோன்றியதா? குறுக்கு ரோடு டீக்கடைப் பெஞ்சில் நம்ம வீட்டு ஆண்கள் உட்கார்ந்து, போகிற பஸ்ஸையும் வருகிற கரும்பு டிராக்டரையும் பார்த்தே அரை நாளைக் கழிப்பார்கள். அவர்களிடம் யாரும் என்ன வேலை என்று கேட்டதில்லை.

நான் சென்னைக்கு வந்ததும் ஒரு வேலையாகத்தான். மகள் அசோக் நகரில் இருக்கிறாள். பேரனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றாள், வந்தேன். முதலில் மெட்ரோவில் ஏறியது கண் டாக்டரைப் பார்க்க. டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது இறங்க வேண்டிய இடத்தில் இறங்க மனசு வரவில்லை. அப்படிப் பிடித்ததுதான் இந்தப் பழக்கம். பேரன் பள்ளிக்கூடம் போய்விட்டால் மதியம் கூட்டம் இருக்காது. ஒரு டிக்கெட் எடுத்துக்கொண்டு கடைசி ஸ்டேஷன் வரைக்கும் போய்விட்டு வருவேன். மகளிடம் கோயிலுக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது உண்மையைச் சொல்லிவிட்டேன். "உனக்கு என்னம்மா ஆச்சு?" என்று கேட்டாள். ஒன்றும் ஆகவில்லை, நன்றாக இருந்தது.

நம்ம ஊருக்கு ரயில் கிடையாது. சிதம்பரத்துக்குப் போனால் ஒரு ரயில், விருத்தாசலம் ஜங்ஷனுக்குப் போனால் இன்னொரு ரயில். நடுவில் நாம் பஸ்ஸுக்கு நின்றே வளர்ந்தோம். ஆனால் மண்ணுக்கு அடியில் நீளமாக ஒன்று ஓடும் என்பது சென்னைக்காரர்களை விட நமக்குத்தான் நன்றாகத் தெரியும். வீராணம் ஏரித் தண்ணீரைச் சென்னைக்குக் கொண்டுபோக 1960-களின் கடைசியில் தொடங்கிப் பாதியில் நின்றுபோன பழைய வீராணம் திட்டத்துக் குழாய்கள் சாலையோரம் வருஷக்கணக்கில் கிடந்தனவே, என் வயதுக்காரிகள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அதற்குள் புகுந்து கூட்டாளியின் பெயரைச் சொல்லிக் கத்தினால் அந்தப் பக்கத்திலிருந்து வேறு யாரோ கத்துகிற மாதிரி திரும்பி வரும். வெளியே வெயில் கொளுத்தும், உள்ளே முதுகு சில்லென்று இருக்கும். பாம்பு இருக்கும் என்று பெரியவர்கள் பயமுறுத்தினார்கள். நாம் கேட்டோமா?

பிறகு 2004-ல் புதிய வீராணம் திட்டம் வந்தது. ஆள் உயரத்துக்கு இரும்புக் குழாய். பூதங்குடியில் ஏரித் தண்ணீரை எடுத்து, வடக்குத்தில் சுத்தம் செய்து, இருநூறு கிலோமீட்டருக்கு மேல் மண்ணுக்கடியிலேயே கொண்டுபோய்ச் சென்னை போரூரில் சேர்க்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் சோழர்கள் வெட்டிய ஏரி, இன்றைக்கு அசோக் நகர் குழாயில் வருகிறது. மகள் வீட்டில் குடம் நிறையும்போது இந்த நினைப்பு எனக்கு வராமல் இருக்காது. சென்னை பூமிக்கு அடியில் நம்ம ஊர்த் தண்ணீர் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டது. நாம்தான் இன்னும் போகவில்லை.

தோண்டுவது என்றால் நமக்கு நெய்வேலிச் சுரங்கம்தான். மேலே இருக்கிற ஊரை எழுப்பி அனுப்பிவிட்டு, மரத்தை வெட்டி, மண்ணை வாரிக் கொட்டி மலையாக்கி, பிறகுதான் கரி. அந்தப் பள்ளத்தின் விளிம்பில் நின்று பார்த்தவர்களுக்கு, மேலே ஒரு தெருவும் கலையாமல் கீழே தோண்டலாம் என்று சொன்னால் நம்பிக்கை வராது. எனக்கும் வரவில்லை. அண்ணா சாலைக்குக் கீழே எப்படி ரயில் விட்டார்கள் என்று மருமகனிடம் கேட்டேன். அவர் கட்டடப் பொறியாளர், பொறுமைசாலி. காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார்.

மெஷினின் முகத்தில் வட்டமாக ஒரு தட்டு, அதில் பற்கள். தட்டு சுற்றச் சுற்ற மண்ணும் பாறையும் அறுபட்டுப் பின்பக்கமாக வெளியேறும். மெஷினின் முதுகுப்பக்கம் ஆட்கள், வளைந்த கான்கிரீட் துண்டுகளை ஒன்றோடொன்று பூட்டி முழு வளையமாக்குவார்கள். அந்த வளையத்தில் காலை உதைத்துக்கொண்டு மெஷின் முன்னால் நகரும். நகர்ந்த இடத்தில் அடுத்த வளையம். தான் கட்டிய சுவரைத் தானே உதைத்து முன்னேறுகிற அந்த மெஷினை நினைத்தால் எனக்கு நம்ம குழுவில் இரண்டு மூன்று பேர் முகம் ஞாபகத்துக்கு வருகிறது. பெயர் சொல்ல மாட்டேன்.

எல்லாம் அலுங்காமல் நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். 2017 ஏப்ரலில் அண்ணா சாலையில் திடீரென்று பள்ளம் விழுந்து ஒரு பஸ்ஸும் காரும் அதில் இறங்கிவிட்டன. டிவியில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். வருஷக்கணக்கில் ரோட்டை மறித்து, கடைக்காரர்கள் வியாபாரம் கெட்டு, பக்கத்துக் கட்டடங்களில் விரிசல் என்று புகார் வந்து, அப்புறம்தான் ரயில் ஓடியது. இப்போது இரண்டாம் கட்டமாக இன்னும் 118 கிலோமீட்டருக்கு மேல் வேலை நடக்கிறது. மெஷின்களுக்கு மலை, பறவை, ஆறு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நீலகிரி என்று ஒன்று, பிளமிங்கோ என்று ஒன்று. கிரீன்வேஸ் சாலையிலிருந்து அடையாற்றுக்கு அடியில் துளைத்துக்கொண்டு போன மெஷினுக்குப் பெயர் காவேரி. கொள்ளிடத்தில் பிரிந்து வடவாறு வழியாக வீராணத்துக்கு வந்து நம்ம வயலுக்குப் பாயும் அதே பெயர்தான். செய்தியில் படித்தபோது எனக்குச் சொந்தக்காரி ஒருத்திக்கு உத்தியோகம் கிடைத்த மாதிரி இருந்தது.

சென்னையில் மெட்ரோ முதலில் ஓடியது 2015 ஜூன் 29 அன்று, ஆலந்தூருக்கும் கோயம்பேட்டுக்கும் நடுவில், தூண் மேலே. அந்த முதல் நாள் ரயிலை ஓட்டியவர் ஒரு பெண். இதை நம்ம குழுக் கூட்டத்தில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கை தூக்கச் சொல்லுங்கள். பூமிக்கடியில் ஓடத் தொடங்கியது 2017 மே மாதம், திருமங்கலத்திலிருந்து நேரு பூங்கா வரை. 2019 பிப்ரவரியில் தேனாம்பேட்டை டிஎம்எஸ்ஸிலிருந்து வண்ணாரப்பேட்டை வரை திறந்தபோது சில நாள் இலவசமாக ஏற்றினார்கள். பாட்டி, பேத்தி, கைக்குழந்தை என்று குடும்பம் குடும்பமாக வந்து ஏறி, கடைசி வரை போய், திரும்பி வந்தார்களாம். அவர்களில் யாருக்கும் வண்ணாரப்பேட்டையில் வேலை கிடையாது. உலகத்திலேயே முதல் சுரங்க ரயில் லண்டனில் 1863 ஜனவரி 10 அன்று ஓடியபோதும் இதே கதைதான். அன்று இழுத்தது நீராவி இன்ஜின். சுரங்கத்துக்குள் புகை, பெட்டிக்குள் கேஸ் விளக்கு. அப்படியிருந்தும் முதல் நாளே முப்பதாயிரம் பேருக்கு மேல் ஏறியிருக்கிறார்கள். இருமிக்கொண்டே போயிருப்பார்கள், ஆனாலும் போனார்கள்.

நம் நாட்டில் முதலில் வந்தது கல்கத்தாவுக்கு, 1984 அக்டோபரில். இந்திரா காந்தி காலமான அதே மாதம் என்பதால் என் வயதுக்காரிகளுக்கு வருஷம் மறக்காது. இப்போது அங்கே ஹூக்ளி ஆற்றுக்கு அடியிலேயே ரயில் ஓடுகிறது, 2024 மார்ச் முதல். ஆற்றைக் கடக்க முக்கால் நிமிஷம். அந்த நேரத்துக்கு மட்டும் சுரங்கச் சுவரில் நீல வெளிச்சம் போட்டிருக்கிறார்கள், ஆற்றுக்குக் கீழே இருக்கிறோம் என்று ஜனங்களுக்குத் தெரியட்டும் என்று. இதைப் படித்ததும் கல்கத்தாக்காரர்கள் மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது. ரயில் விடுகிறவர்களுக்கு இந்த நீல விளக்கால் ஒரு பைசா லாபம் இல்லை. ஏறுகிறவர்கள் வாயைப் பிளக்கட்டும் என்று செய்திருக்கிறார்கள். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நம்ம பிள்ளைகளும் அங்கத்து ரயிலை வீடியோ எடுத்து அனுப்புகிறார்களே, அறிவிப்பில் தமிழும் வருகிறது பார் என்று. அந்த வீடியோவை ஊரெல்லாம் காட்டினோம். ஐந்து மணி நேர பஸ் தூரத்தில் இருக்கும் ரயிலை மட்டும் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்துவிட்டோம்.

சரி, ஏறினால் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

விமான நிலைய ஸ்டேஷனில் ஆரம்பியுங்கள். அங்கே பிளாட்பாரம் மேலே இருக்கிறது. விருத்தாசலம் பீங்கான் பட்டறைக்குப் போய் வரும் பெண்கள் தண்டவாளத்துக்கு மேலே போகும் கம்பியைப் பாருங்கள். அதில் 25,000 வோல்ட். அதைத் தூணோடு ஒட்டவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் இன்சுலேட்டர், நீங்கள் தினமும் கையில் எடுக்கும் ஃபியூஸ் கேரியருக்கு அண்ணன் மாதிரி. ரயில் கிளம்பினதும் மீனம்பாக்கம், நங்கநல்லூர் ரோடு என்று ரோட்டுக்கு மேலேயே போகும். ஆலந்தூர் பக்கம் வரும்போது நல்ல உயரம். கத்திப்பாரா மேம்பாலத்தின் வளைவுகள் கீழே கிடக்கும், அதில் ஊர்ந்துகொண்டிருக்கும் பஸ்களில் நீங்கள் விமான நிலையம் வரை வந்த நகர பஸ்ஸும் ஒன்றாக இருக்கலாம். அங்கே உட்காராதீர்கள். இரண்டு பெட்டிகள் சேர்கிற இடத்துக்கு வந்து நில்லுங்கள். பெட்டிக்கும் பெட்டிக்கும் கதவு கிடையாது, முதலிலிருந்து கடைசி வரை ஒரே கூடம். ரயில் திரும்பும்போது அந்தக் கூடம் முழுக்க உங்கள் கண் முன்னால் வளையும். முன் பெட்டி திரும்பி முடித்திருக்கும், பின் பெட்டி இன்னும் நேராக வந்துகொண்டிருக்கும். நான் முதலில் பார்த்தபோது கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்ற பையன் காதிலிருந்த வயரைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தான்.

கிண்டி தாண்டி சின்னமலை. அதற்கப்புறம்தான் நான் உங்களைக் கூட்டிக்கொண்டு போக ஆசைப்படும் இடம். சின்னமலையை விட்டதும் தண்டவாளம் இறங்க ஆரம்பிக்கும். ஜன்னலில் முதலில் மரத்தின் உச்சி தெரியும், அப்புறம் மரத்தின் நடு, அப்புறம் மதில் சுவர், அப்புறம் வெறும் கான்கிரீட் சுவர் ஏறிக்கொண்டே வரும். வெளிச்சம் ஜன்னலின் மேல் ஓரத்துக்குச் சுருங்கி, பட்டென்று போய்விடும். காதுக்குள் லேசாக அடைக்கும். ரயிலின் சத்தமே மாறும். அதுவரை பரந்து போய்க்கொண்டிருந்த சத்தம் சுவரில் மோதி நம் மேலேயே திரும்பும். அந்த இருட்டில்தான் அடையாற்றுக்கு அடியில் போகிறீர்கள். இங்கே நீல விளக்கு கிடையாது, யாரும் சொல்லவும் மாட்டார்கள். பெட்டியில் இருக்கும் பாதிப் பேர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு ஆற்றுக்குக் கீழே போகிறோம் என்று அவர்களை உலுக்கிச் சொல்லலாமா என்று எனக்கு ஒவ்வொரு தடவையும் வாய் வரைக்கும் வரும். நாம் வெள்ளாற்றுத் தண்ணீர் அணைக்கட்டில் வழிவதைப் பார்க்கவே வண்டியை நிறுத்துகிற ஜனங்கள் ஆயிற்றே.

இருட்டுக்குள் போனதும் ஜன்னல் கண்ணாடி ஆகிவிடும். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள், நிற்பவர்கள், அவர்களுக்கு நடுவில் நீங்கள். வீட்டுக் கண்ணாடியில் பொட்டு நேராக இருக்கிறதா என்று பார்க்கிற முகம் இல்லை அது. ஒரு ரயிலில் பத்துப் பேரோடு எங்கோ போய்க்கொண்டிருக்கும் பெண் ஒருத்தியின் முகம். எனக்கு அது நான்தான் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அந்தப் பெண் பரவாயில்லாமல் இருந்தாள்.

சைதாப்பேட்டையில் ரயில் நின்றதும் கதவைப் பாருங்கள். பூமிக்கடியில் இருக்கும் ஸ்டேஷன்களில் பிளாட்பாரத்தின் விளிம்பு முழுக்கக் கண்ணாடித் தடுப்பு இருக்கிறது. தண்டவாளத்தில் யாரும் விழ வழியில்லை, உள்ளே இருக்கும் குளிர்ச்சியும் வெளியே போகாது. ரயில் வந்து நிற்கும்போது ரயிலின் கதவும் கண்ணாடித் தடுப்பின் கதவும் சரியாக எதிரெதிரே வந்து நிற்கும், இரண்டும் ஒரே நேரத்தில் திறக்கும். ஓட்டுகிறவர் கண்ணளவில் பார்த்து நிறுத்துவதில்லை. கம்ப்யூட்டரே வேகத்தைக் குறைத்து அந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது. நம்ம ஊர் பஸ் ஸ்டாப்பில் நிற்காமல் நூறு அடி தள்ளிப் போய் நின்று, நாம் மூட்டையோடு பின்னாலேயே ஓடுவதை நினைத்துக்கொண்டு இதைப் பார்த்தால்தான் இதன் அருமை தெரியும். ஆரம்பத்தில் ஒரு ஸ்டேஷனில் இறங்கி, வரிசையாக வந்து நிற்கும் ரயில்களை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று கூட விலகி நிற்கவில்லை. காவலுக்கு நின்ற பெண் வந்து, "யாருக்காகம்மா வெயிட் பண்றீங்க?" என்று கேட்டது. ரயிலுக்காக என்றேன். இப்போதுதானே ஒன்று போயிற்று என்றது. அடுத்ததற்கு என்றேன்.

நந்தனம், தேனாம்பேட்டை, ஆயிரம் விளக்கு, எல்ஐசி என்று அண்ணா சாலைக்குக் கீழேயே போய், கூவத்தையும் தாண்டினால் சென்ட்ரல். அங்கே கட்டாயம் இறங்குங்கள். ஏறத்தாழ 28 மீட்டர் ஆழம். நம்ம தெருவில் தென்னை மரத்தின் மேல் இன்னொரு தென்னை மரத்தை நிறுத்தினால் கிட்டத்தட்ட அவ்வளவு வரும். விமான நிலையத்திலிருந்து வரும் பாதையும் பரங்கிமலையிலிருந்து கோயம்பேடு சுற்றி வரும் பாதையும் அங்கே ஒன்றுக்குக் கீழே ஒன்றாகச் சந்திக்கின்றன. கீழே ஒரு ரயில், அதற்கு மேலே ஒரு ரயில், அதற்கும் மேலே சாலையில் பஸ்கள்.

அங்கேதான் அந்த அம்மாவைப் பார்த்தேன். மஞ்சள் பை, கழுத்தில் செவ்வந்தி மாலை போட்ட சாமி படம் அதிலிருந்து எட்டிப் பார்த்தது. எஸ்கலேட்டர் முன்னால் நின்று, ஒரு காலை எடுத்து வைக்கப் போவார், படி நழுவிப் போனதும் காலை இழுத்துக்கொள்வார். பின்னால் வந்தவர்கள் ஒதுங்கி ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். நான் போய்க் கையைப் பிடித்தேன். "காலைப் பார்க்காதீங்கம்மா, எதிரே பாருங்க. கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க. படியில மஞ்சக் கோடு இருக்கு பாருங்க, அதுக்கு நடுவில வைங்க." வைத்தார். ஏறிவிட்டோம். கைப்பிடி ரப்பரும் கூடவே நகர்ந்து வருவதைத் தடவிப் பார்த்தார். மேலே வரும்போது படி தானாகத் தட்டையாகி உள்ளே போவதைப் பார்த்து, "அடிப்பாவி!" என்றார், மெஷினைத்தான். வெளியே வந்து எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போவார் என்று பார்த்தால், "இறங்குறதுக்கும் இப்படித்தானா? ஒரு தடவை இறங்கிப் பார்க்கலாமா?" என்று கேட்டார். இறங்கினோம். மறுபடி ஏறினோம். அவருக்கு உஸ்மான் ரோட்டில் ஒரு வேலை இருந்தது. அரை மணி நேரம் தாமதமாகத்தான் போயிருப்பார். போகும்போது ஒரு பூவைப் பறித்து என் கையில் வைத்துவிட்டுப் போனார். ஊர் எது என்று நானும் கேட்கவில்லை.

சென்ட்ரலுக்கு அப்புறம் உயர் நீதிமன்றம், மண்ணடி, வண்ணாரப்பேட்டை என்று இன்னும் பூமிக்கடியில்தான். தண்டையார்பேட்டை தாண்டியதும் ரயில் மேலே ஏறி வெளிச்சத்துக்கு வரும். இறங்கும்போது மெதுவாகச் சுருங்கிய வெளிச்சம் இங்கே ஒரே வீச்சில் வந்து கண்ணைக் கூசவைக்கும். அப்புறம் மொட்டை மாடிகளுக்குப் பக்கத்திலேயே போகும். துணி உலர்த்துகிறவர்கள், வடாம் பிழிகிறவர்கள், புறாக் கூண்டு. அடுத்தவர் வீட்டு மொட்டை மாடியை எட்டிப் பார்ப்பதில் உள்ள சந்தோஷத்தை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

திருவொற்றியூரில் தேரடி ஸ்டேஷனில் இறங்கினால் பக்கத்திலேயே வடிவுடையம்மன் கோயில். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் வேன் நிறைய ஆள் சேர்ந்திருப்பீர்கள், தெரியும். வேண்டுமென்றேதான் இவ்வளவு தூரம் தள்ளி வைத்தேன். அம்மனைப் பார்த்துவிட்டு வாருங்கள், ஆனால் அம்மனுக்காக வந்தோம் என்று வீட்டில் சொல்லாதீர்கள். ரயிலுக்காக வந்தோம், வழியில் அம்மன் இருந்தாள் என்று சொல்லுங்கள்.

செலவைப் பற்றி. குறைந்த டிக்கெட் பத்து ரூபாய், எவ்வளவு தூரம் போனாலும் ஐம்பதுக்கு மேல் இல்லை. கைப்பேசியில் எடுத்தால் இருபது சதவீதம் தள்ளுபடி. தினமும் வேலைக்குப் போய் வருகிற வீட்டு வேலைக்காரப் பெண்களுக்கு இது கனமான காசுதான், அவர்கள் இன்னமும் கட்டணம் இல்லாத வெள்ளைப் பலகை பஸ்ஸில்தான் நின்றுகொண்டு போகிறார்கள். மெட்ரோ யாருக்காக என்று கேட்டால் அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. இன்னொரு குறை, நம்ம பக்கத்து பஸ்கள் இப்போது கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடுகின்றன, மெட்ரோ விமான நிலையத்தோடு நின்றுவிடுகிறது. நடுவில் இருக்கிற பதினைந்து கிலோமீட்டரைச் சேர்க்கத் திட்டம் இருக்கிறது. அதுவரை நாம் நகர பஸ்ஸில்தான் இந்த இடைவெளியைத் தாண்ட வேண்டும், பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ்ஸாகப் பார்த்து ஏறுங்கள். ஆனாலும் வருஷத்தில் ஒரு நாள், ஒருத்திக்கு நூறு ரூபாய், போக வர. மேல்மருவத்தூர் வாசலில் பிளாஸ்டிக் வளையலுக்கு இதைவிட அதிகமாகக் கொடுத்திருக்கிறோம்.

அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மான நோட்டில் எழுதிவிடுங்கள். தேதி, கலந்துகொள்கிறவர்கள், ஆளுக்கு எவ்வளவு என்று எழுதலாம். எதற்காக என்ற இடத்தைக் காலியாக விட்டுவிடுங்கள். பாங்கு அதிகாரி கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.

வருவதற்கு முன்னால் நாலைந்து விஷயம். பையை மெஷினில் போட்டுத்தான் உள்ளே விடுவார்கள், தேங்காய் உடைக்கிற அரிவாளைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். ரயிலுக்குள் சாப்பிடக் கூடாது, புளிசாதத்தைத் திருவொற்றியூரில் இறங்கித்தான் பிரிக்க வேண்டும். டிக்கெட்டைத் தொலைத்துவிட்டால் வெளியே வருவது சிரமம், அதனால் எல்லா டிக்கெட்டும் பொருளாளர் கையில் வேண்டாம், ஆளுக்கு ஒன்றை அவரவர் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே டிக்கெட்டில் நாள் முழுக்க உள்ளேயே சுற்ற முடியாது, கால வரம்பு இருக்கிறது, மீறினால் அபராதம். கடைசி ஸ்டேஷனில் வெளியே வந்து மறுபடி டிக்கெட் எடுத்துக்கொண்டு திரும்புங்கள். காலையில் எட்டிலிருந்து பத்தரை வரைக்கும், சாயங்காலம் ஆபீஸ் விடும் நேரத்திலும் ஏறாதீர்கள், ஜன்னலே தெரியாது. பெண்களுக்கென்று தனிப் பெட்டி உண்டு, ஆனால் அதில்தான் ஏற வேண்டும் என்று ஒன்றும் இல்லை.

மாமியார்களை வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள். எல்லா ஸ்டேஷனிலும் லிஃப்ட் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்களில் ஒருத்தி,
அசோக் நகரிலிருந்து